ஜோசுவாவின் காலைப் பதில்

ஐம்பத்து மூன்றாவது வயதில் தனசேகரன் மறுபடியும் ஒரு வேலையில் முதல் நாளாகச் சேர்ந்தார்.

அதற்கு முன் இருபத்தாறு வருடம் சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருந்தவர். காஞ்சிபுரத்திலிருந்து காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். அவர் போடும் திட்டங்களுக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. பதினான்கு மாத வேலையை ஆயிரத்து நூறு வரிகளாகப் பிரித்துவிடுவார். எந்த வேலையை யார் செய்வார், எந்தத் தேதியில் தொடங்குவார், அது தாமதமானால் வேறு எதெல்லாம் நிற்கும் என்று எல்லாமே அதில் இருக்கும். அச்சடித்து ஒட்டினால் ஒரு சுவர் முழுக்க வரும். புதிதாகச் சேர்ந்தவர்களை அந்தச் சுவரின் முன்னால் நிற்கவைத்து, "உன் பேர் எங்க இருக்குது, கண்டுபிடி" என்பார்.

ஒரு மார்ச் மாதம் அந்த நிறுவனம் எல்லாக் குழுக்களையும் அஜைல் முறைக்கு மாற்றியது. இரண்டிரண்டு வாரமாக வேலை. குழுவே தன் வேலையைத் தீர்மானிக்கும். திட்ட மேலாளர் என்ற பதவியே இனி இல்லை என்றார்கள். நான்கு மாதம் வீட்டில் இருந்தார். பிள்ளைகள் வயதுக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, அஜைல் குழுக்களுக்குத் துணை நிற்கும் ஸ்கிரம் மாஸ்டர் என்று சான்றிதழ் வாங்கினார். அவர் மனைவி அலமு அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர்னா இன்னா, டெய்லர் மாஸ்டர் மாதிரியா?" என்று கேட்டாள். அவரும் சிரித்துவிட்டார்.

வேலை ஊரிலேயே கிடைத்தது. ஓரிக்கை போகும் சாலையில், ஒரு ஜரிகைக் கடைக்கு மேலே முதல் மாடியில் சின்ன அலுவலகம். சுற்றுவட்டார ஏரிகளில் கம்பம் நட்டு, அதில் சென்சார் பெட்டி பொருத்தி, கால் மணிக்கு ஒரு தரம் நீர்மட்டத்தை அளந்து விவசாயிகளின் போனுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். பன்னிரண்டு ஏரிகள். தலைவி பிரவீனாவுக்கு முப்பத்தோரு வயது. நிரல் எழுத ஜீவிதா, சோதித்துப் பார்க்க லோகேஸ்வரன். ஏரிகளுக்கு நேரில் போய் வேலை செய்யும் ஜோசுவா.

ஜோசுவா அலுவலகத்துக்கு வருவதில்லை என்பதைத் தனசேகரன் முதல் நாளே கவனித்தார். களப்பணிக்காரர், வரமாட்டார்தான் என்று நினைத்துக்கொண்டார்.

காலை ஒன்பதேகாலுக்கு எல்லோரும் வட்டமாக நின்று பேச வேண்டும். ஆளுக்கு மூன்று விஷயம். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், ஏதாவது தடை உண்டா. அலுவலகத்துக்கு வராதவர்களுக்கு அதே மூன்று கேள்விகளையும் ஒரு தானியங்கிச் செய்தி காலை ஐந்தரைக்கே போனில் கேட்கும். அவர்கள் எழுதும் பதில் குழுவின் பக்கத்தில் வந்து நிற்கும். அதை வட்டத்தில் படித்துச் சொல்வது ஸ்கிரம் மாஸ்டரின் வேலை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தனசேகரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"ஜோசுவா. நேற்று: கூரம், அளவு சரிபார்த்தேன். தாமல் மூன்றாம் மதகு, பாசி எடுத்தேன். இன்று: தாமல் நான்காம் மதகு. தடை: இல்லை."

மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வயதானவர் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படிக்கிறார் என்று சங்கடப்படுகிறார்கள்போல என்று அவர் எண்ணினார்.

முதல் மாதம் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "டிசம்பர்ல எங்க நிப்போம்னு ஒரு பிளான் வேணாமா?" என்று கேட்டால் லோகேஸ்வரன், "இந்த ரெண்டு வாரத்துக்குத்தான் சார் பிளான்" என்பான்.

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த ரெண்டு வாரம்."

அவர் யாருக்கும் வேலை சொல்லக் கூடாது. தடை இருந்தால் நீக்கித் தர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறை பழக்கதோஷத்தில் ஜீவிதாவிடம், "இது எப்போம்மா முடியும், தேதி சொல்லு" என்று கேட்டுவிட்டு, பிரவீனா தொண்டையைக் கனைத்ததும் நிறுத்திக்கொண்டார். அந்த அலுவலகத்தில் அவருக்குப் புரிகிற மாதிரி வேலை செய்தவர் ஜோசுவா ஒருவர்தான். பதில் தினம் வந்தது. சொன்ன வேலை சொன்ன நாளில் முடிந்தது. குழுவின் பக்கத்தில் இருந்த வேலைப் போர்டில் ஜோசுவாவின் கார்டுகள் ஒழுங்காக, 'செய்யவேண்டியது' வரிசையிலிருந்து 'முடிந்தது' வரிசைக்கு நகர்ந்தன.

மெல்ல அந்த மனிதர்மேல் ஒரு பிடிப்பு வந்தது. ஒரு நாள் தனியாக அவருக்குச் செய்தி அனுப்பினார். "தம்பி, நான் புதிதாகச் சேர்ந்தவன். இருபத்தாறு வருடம் வேறு மாதிரி வேலை பார்த்துவிட்டேன். இந்த முறை உங்களுக்குப் பழகிவிட்டதா?"

அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலை வந்திருந்தது.

"பழகிடும் சார். அன்னன்னைக்கு உள்ளத அன்னன்னைக்கு பாத்தா போதும். அதுக்கு மேல பாக்காதீங்க."

அன்று முழுக்க அவர் மனசு லேசாக இருந்தது. அதன்பிறகு அடிக்கடி அவருக்கு எழுதினார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம். வீட்டில் சும்மா இருந்தவர் யாருக்கும் தெரியாமல் பழைய மாதிரி ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தார். மழைக்காலத்துக்குள் பன்னிரண்டு ஏரிகளும் தயாராகிவிடுமா என்று தெரிய வேண்டும். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று போர்டில் பதிவாகியிருந்த நேரங்களை எடுத்து வரிசையாகப் போட்டார். ஜோசுவாவின் வரிசைக்கு வந்தபோது கை நின்றது.

தாமல் வேலை முடிந்தது காலை ஆறு நாற்பது. கூரம் வேலை முடிந்தது ஆறு நாற்பத்து நான்கு.

தாமல் ஊருக்கு மேற்கே. கூரம் வேறொரு திசை. பைக்கில் எவ்வளவு விரட்டினாலும் அரை மணி நேரமாவது ஆகும். முந்தின வாரத்தைப் பார்த்தார். அதற்கு முந்தின வாரத்தையும் பார்த்தார். கூரத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்தது. நான்கு நிமிடம், மூன்று நிமிடம், ஒரு நாள் இரண்டும் ஒரே நிமிடம்.

பொய்க் கணக்கு எழுதுகிற ஆளாக ஜோசுவாவை அவரால் நினைக்க முடியவில்லை. மறுநாள் வட்டத்தில் நின்று, சிரித்த முகமாகவே கேட்டார்.

"ஒரு சந்தேகம்பா. நம்ம ஜோசுவா தாமல்லேர்ந்து கூரத்துக்கு நாலு நிமிஷத்துல எப்படிப் போறாரு? அவரை ஒரு நாள் ஆபீசுக்கு வரச் சொல்லுங்க, எனக்கும் அந்த வழி தெரியணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஜீவிதா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். லோகேஸ்வரன் பிரவீனாவைப் பார்த்தான். பிரவீனா, "சார், கொஞ்சம் மாடிப்படிக்கு வாங்க" என்றாள்.

மாடிப்படியில் கீழ்க்கடையின் ஊதுவத்தி வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜோசுவா செத்துட்டார் சார். ஜனவரி இருபத்தெட்டு. கூரம் ரோட்டுல லாரி மோதி."

தனசேகரனுக்கு அது காதில் விழுந்தது, ஆனால் உடனே புரியவில்லை. "நேத்துகூட பதில் வந்துச்சேம்மா" என்றார்.

"தெரியும் சார். தினம் வருது."

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் முதல் பதில் வந்ததாம். லோகேஸ்வரன் ஏதோ செய்கிறான் என்று பிரவீனா நினைத்தாளாம். ஜீவிதா அழுகையைத் தாங்காமல் இப்படி எழுதுகிறாள் என்று லோகேஸ்வரன் நினைத்தானாம். ஜீவிதா யாரையும் நினைக்கவில்லை. இரண்டு நாள் ஜுரத்தில் படுத்துவிட்டாள். பத்து நாள் போனபிறகு ஒருவரை ஒருவர் கேட்கக்கூட முடியவில்லை.

"சும்மா எழுத்து மட்டும்னா பேரைத் தூக்கியிருப்பேன் சார். ஆனா வேலை நிஜமா நடக்குது. பாசி மூடினா அளவு தப்பா வரும். தாமல்ல ஒரு நாள்கூட தப்பா வரலை. யாரோ போறாங்க. யாரோ துடைக்கிறாங்க."

"போய்ப் பார்த்திருக்கலாமேம்மா."

"போய்ப் பார்த்து, அங்க யாருமே இல்லன்னா?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வேலையும் நடந்துக்கினு இருந்துச்சு. மத்த ஏரிக்கு நாங்களே மாத்தி மாத்திப் போய், புது ஆள் போடாம ஓட்டிட்டோம். அதுவும் உண்மைதான். நீங்க வந்து முதல் நாளே சத்தமா படிச்சீங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க" என்றாள்.

தனசேகரன் தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். ஜோசுவாவுக்குத் தான் அனுப்பிய செய்திகளைத் திறந்தார். பழகிடும் சார். அதுக்கு மேல பாக்காதீங்க. முதுகுத்தண்டில் ஈரத்துணியை வைத்ததுபோல இருந்தது. அந்த வாக்கியத்தை எழுதியது யார்? அவர் ஒரு மாதமாக யாரிடம் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்?

மற்றவர்களால் முடியாத ஒன்று அவரால் முடிந்தது. ஒரு வேலை நடந்தால் அதற்கு ஒரு ஆள் இருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் நம்பியது அது ஒன்றுதான். மறுநாள் ஜோசுவாவின் பதிலில், "இன்று: தாமல் இரண்டாம் மதகு" என்று இருந்தது. அடுத்த நாளுக்கும் தாமல்தான் பாக்கி என்று போர்டு சொன்னது. அந்த நாள் விடியலில், ஐந்தரை மணிக்கெல்லாம், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போனார். அலமுவிடம் நடைப்பயிற்சி என்று சொன்னார்.

ஏரிக்கரைமேல் வண்டியை நிறுத்தினார். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வெளிச்சம் வந்திருந்தது, சூரியன் வரவில்லை. கரையோரம் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. மதகுக்குப் போகும் கல்பாலம் ஆளில்லாமல் கிடந்தது. கம்பத்தில் சென்சார் பெட்டியின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

பிறகு கம்பத்துக்குக் கீழே தண்ணீர் அசைந்தது. இடுப்பளவு நீரில் ஒருவர் அவருக்கு முதுகு காட்டி நின்றார். நிறுவனத்தின் நீலச் சட்டை, முழுக்கை. முதுகில் வெள்ளை எழுத்தில் நிறுவனத்தின் பெயர். கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கம்பத்தை அவசரமில்லாமல், மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தனசேகரன் கூப்பிட வாயைத் திறந்தார்.

"ஜோசுவா."

தேய்த்த கை நின்றது. உருவம் திரும்பியது. சட்டைக்கு மேலே ஒரு பெண்ணின் முகம். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டை அவளுக்கு இரண்டு அளவு பெரிது.

"அவர் இல்லைங்க" என்றாள். "நான் ஷாரோன். அவர் சம்சாரம்."

கரையில் வந்து உட்கார்ந்து ஈரத்தைப் பிழிந்துகொண்டே பேசினாள். எட்டு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் வந்துவிடும், அதற்குள் போக வேண்டும் என்றாள். அவர் யாரென்று தெரிந்ததும் அவள் முகத்தில் வந்தது பயம் அல்ல, பிடிபட்ட வெட்கம்.

"கல்லறைத் தோட்டத்துலேர்ந்து வந்து இப்படி உக்காந்தேன் சார். மறுநாள் காலைல போன் அடிக்குது. 'வணக்கம் ஜோசுவா, நேற்று என்ன முடித்தீர்கள்'னு கேக்குது. நான் தொடலை. மறுநாளும் கேக்குது. அப்புறம், 'ஜோசுவா, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்'னு வருது. எட்டு நாள். அவர் யாரையும் காக்க வைக்க மாட்டார் சார்."

"அப்புறம்?"

"ஒன்பதாம் நாள் தடைன்னு கேக்குற இடத்துல 'செத்துட்டார்'னு எழுதினேன். அனுப்ப கை வரலை. அழிச்சேன். 'இல்லை'ன்னு எழுதிட்டேன். இன்று என்னன்னு கேட்டுச்சு. தாமல்னு எழுதினேன், எங்க ஊரு பேருதான் வாயில வந்துச்சு. அனுப்பினதும், 'நன்றி ஜோசுவா, இந்த நாள் நல்ல நாளாகட்டும்'னு வந்துச்சு." அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிட்டமே, பொய்யாயிடக் கூடாதேன்னு வந்து துடைச்சேன். அவர் செய்யறப்போ கூட வந்து பார்த்திருக்கேன். அப்புறம் தினம் வந்துக்கினு இருக்கேன்."

"பழகிடும் சார்னு எனக்கு எழுதினது?"

"நான்தான். எனக்கே சொல்லிக்கிற மாதிரி எழுதினேன்."

தனசேகரனின் மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆள் இருக்கிறது. உயிருள்ள ஆள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது.

"கூரத்துக்கு யாரும்மா போறாங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கூரமா? அது ஆபீஸ்ல எழுதுறதுதானே?"

"ஆபீஸ்ல யாரும் எழுதலையே."

"நான் போனைத் திறக்கறப்போ அந்த வரி மேல இருக்கும் சார். தினம் இல்ல, சில நாள். 'கூரம், அளவு சரிபார்த்தேன்'னு. நீங்க எல்லாம் அங்கேர்ந்து போடுறீங்கன்னு அதுக்குக் கீழ நான் என்னுதை எழுதுவேன். கூரம் பக்கம் நான் போனதே இல்ல. அந்த ரோட்டுல என்னால போக முடியாது."

அவள் போனை எடுத்துத் திறந்து அவரிடம் நீட்டினாள். அன்றைய பதில் இன்னும் அனுப்பப்படாமல் இருந்தது. மேலே ஒரு வரி மட்டும் எழுதப்பட்டிருந்தது.

நேற்று: கூரம், அளவு சரிபார்த்தேன்.

ஏரியில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. இருவரும் திடுக்கிட்டார்கள். அதன்பிறகு அவர்கள் கூரத்தைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஷாரோன் அலுவலகத்துக்கு வந்தாள். தனசேகரன்தான் அழைத்து வந்தார். ஜீவிதா அவளைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். பிரவீனா எழுந்து நின்று, எட்டு மாதமாகச் செய்த வேலைக்கு உரிய சம்பளமும், இனிமேல் அவள் பெயரிலேயே அந்த வேலையும் தருவதாகச் சொன்னாள். ஷாரோன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய பெயரை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டாள்.

தனசேகரன்தான் பேசினார்.

"எடுத்துத்தான் ஆகணும்மா. தினம் காலைல எழுப்பி, நேத்து இன்னா செஞ்சேன்னு கேட்டுக்கினே இருக்கோம். பாவம், அவரும் பதில் சொல்லிக்கினே இருக்காரு."

சொன்ன பிறகுதான், கடைசி வாக்கியத்தில் தான் யாரைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஷாரோன் கணினியின் பக்கம் திரும்பினாள். "நானே எடுக்கிறேன்" என்றாள்.

லோகேஸ்வரன் கணினியில் இடம் காட்டினான். ஜோசுவாவின் பெயருக்கு எதிரில் இருந்த பொத்தானை அவள் ஒற்றை விரலால் அழுத்தினாள். சுவரில் பெரிய திரையில் பன்னிரண்டு ஏரிகளின் கோடுகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பதரைக்கு அடுத்த அளவு வந்தபோது பதினோரு கோடுகள் நகர்ந்தன.

கூரம் நகரவில்லை.

ஒன்பதேமுக்காலுக்கும் நகரவில்லை. லோகேஸ்வரன் தன் பக்கத்தில் எதையெதையோ திறந்து பார்த்தான். "நான் எதையும் நிறுத்தலை சார். பேருக்கும் பெட்டிக்கும் சம்பந்தமே கிடையாது" என்றான்.

பத்தரைக்குத் தனசேகரனும் ஜீவிதாவும் ஒரு ஆட்டோ பிடித்துக் கிளம்பினார்கள். படியிறங்கும்போது ஷாரோன் பின்னால் வந்து, "நானும் வரேன்" என்றாள். வழியில் தன் வீட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜோசுவாவின் வேலைப் பையை எடுத்து வந்தாள். விபத்து நடந்த அன்று போலீஸ் கொடுத்த பை. ஸ்குரூடிரைவர், ஸ்பேனர் எல்லாம் இருக்கும், வேண்டியிருக்கும் என்றாள். அதை அவள் இதுவரை திறந்ததில்லை. கூரம் சாலை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

கூரம் ஏரிக்கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் மாணிக்கவேல் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய விவசாயி. மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு.

"கம்பத்தைப் பார்க்கவா வந்தீங்க?" என்று கேட்டார். "தை மாசம் நட்டுட்டுப் போனது. பெட்டியை மாட்டிட்டு, பாக்கி சாமான் எடுத்தாந்து மாட்டுறேன்னு ஒரு தம்பி சொல்லிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் வரலையேப்பா."

"நடுவுல யாராவது வந்து துடைச்சாங்களா? காலைல?"

"தினம் அஞ்சு மணிக்கு நான் இங்க இருக்கேன். என் கண்ணுல படாம இந்தக் கரையில ஒரு நாய் போவாது."

பெட்டியின் மூடியைத் திறக்க ஸ்குரூடிரைவரைத் திருப்பியபோது திருகுகள் துருவேறி முனகின. நீண்ட நாளாக யாரும் தொடாத திருகுகள். மூடி வந்ததும் ஜீவிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே பாதி இடத்தைக் குளவிக்கூடு அடைத்திருந்தது. காய்ந்த பழைய மண்கூடு. அதன் பக்கத்தில் பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு ஒயர்கள் எதிலும் சேராமல், நுனியில் தொழிற்சாலை மாட்டிய பிளாஸ்டிக் தொப்பி கழற்றப்படாமலேயே தொங்கின.

"பேட்டரியே போடலை சார்" என்றாள் ஜீவிதா. "இதுக்கு உயிரே வந்தது கிடையாது."

"எட்டு மாசமா அளவு வந்துச்சேம்மா."

"ஜனவரி இருபத்தெட்டு, பதினொன்றரைக்கு முதல் அளவு வந்துச்சு சார். அதனாலதான் அவர் வேலையை முடிச்சிட்டுத் திரும்பறப்போ அடிபட்டார்னு நினைச்சோம்."

ஷாரோன் கரையிலிருந்து சொன்னாள். "திரும்பறப்போ இல்லம்மா. போறப்போ. பத்து மணிக்கு எனக்குப் போன் வந்துடுச்சு."

அவள் பையைத் திறந்தாள். துணியில் சுற்றிய ஸ்பேனர்களுக்கு அடியில் உறை பிரிக்காத பேட்டரி ஒன்று இருந்தது. அதன்மேல் மார்க்கர் பேனாவால், சாய்ந்த கையெழுத்தில், 'கூரம்' என்று எழுதியிருந்தது. அவள் அந்த எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

தனசேகரனுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. வந்த அளவுகள் வெறும் குப்பையாக, கணினியின் பிழையாக இருக்கலாம். மாணிக்கவேலிடம் கேட்டார். "பெரியவரே, இந்த வருஷம் கோடையில ஏரி எப்போ ஏறுச்சு, ஞாபகம் இருக்குதா?"

"இல்லாம? வைகாசி கடைசியில ஒரே நாள்ல பேஞ்சுது. விடியறதுக்குள்ள மதகுக் கல்லுல ரெண்டு படி ஏறிடுச்சு. அப்புறம் ஆடி பொறந்து ஒரு படி இறங்குச்சு."

ஜீவிதா போனில் கூரத்தின் கோட்டை விரித்து அவர் பக்கம் திருப்பினாள். வைகாசிக் கடைசியில் கோடு ஒரே இரவில் செங்குத்தாக ஏறியிருந்தது. ஆடியில் இறங்கியிருந்தது. மாணிக்கவேல் எட்டிப் பார்த்துவிட்டு, "கரெக்டாதான் எழுதியிருக்காங்க" என்றார்.

வெயிலில் நின்றும் தனசேகரனின் கைகளில் மயிர் சிலிர்த்திருந்தது. ஒவ்வொரு கால் மணியும் இந்தக் கம்பத்தருகே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று அவர் மனம் கேட்டது. அந்தக் கேள்வியை முழுக்க நினைக்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"நானே மாட்டுறேன்" என்றாள் ஷாரோன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். குளவிக்கூட்டைக் குச்சியால் பெயர்த்தாள். ஜீவிதா எந்த ஒயர் எதில் என்று சொல்லச் சொல்ல அவள் தொப்பிகளைக் கழற்றிப் பொருத்தினாள். தனசேகரன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, கம்பம் அசையாமல் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில், தான் திட்டம் போட்ட ஒரு வேலையில் தன் கை படுவது அவருக்கு அதுவே முதல் தடவை. சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டியது, பிறகு விட்டுவிட்டு எரியத் தொடங்கியது.

பன்னிரண்டரைக்கு அளவு வந்தது. ஜீவிதா படித்தாள். காலை ஒன்பதேகாலுக்கு நின்ற அதே எண்.

"சார், அந்த எட்டு மாச அளவை எல்லாம் என்ன பண்றது? பிழைன்னு அழிச்சிடட்டுமா?"

பழைய தனசேகரன் என்றால் ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டிருப்பார். அவர் ஷாரோனைப் பார்த்தார். அவள் தண்ணீரில் கைகளை அலம்பிக்கொண்டிருந்தாள்.

"தப்பா இருந்தாதானேம்மா அழிக்கணும்" என்றார்.

ஐப்பசி மழை அந்த வருடம் முன்னதாகவே வந்தது. பன்னிரண்டு ஏரிகளிலிருந்தும் அளவு ஒழுங்காகப் போனது. ஷாரோன் காலையில் வட்டத்தில் நின்று தன் மூன்று விஷயங்களையும் தானே சொன்னாள். முதலில் மெல்லிய குரலில் சொன்னாள், போகப்போகச் சத்தமாக. தடை இருந்தால் தடை என்றே சொன்னாள். ஏணி பழசு என்றாள், ரெயின்கோட் வேண்டும் என்றாள். தனசேகரன் அன்றன்றே வாங்கித் தந்தார். கூரம் சாலையில் இப்போது அவள் கண்ணைத் திறந்துகொண்டு போகிறாள். ஆனாலும் கூரத்து முறை வரும் வியாழக்கிழமைகளில் மட்டும் அவரும் கூடப் போவார். அதை அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் வியாழக்கிழமை பெட்டியைத் திறப்பதற்கு முன் தனசேகரன் தன்னையறியாமல் அதன் மூடியில் விரலை மடக்கி இரண்டு முறை தட்டினார், யாருடைய வீட்டு வாசலிலோ நிற்பதுபோல. ஷாரோன் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "இப்போ திறங்க சார்" என்றாள்.